மூன்று மொழிகளில் ஒரே பொய்

சிட்னி விமான நிலையத்தில் என் கறிவேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊறுகாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் பையில் இருக்கிறது என்று நானேதான் முன்கூட்டிச் சொல்லியிருந்தேன். "உள்ளதைச் சொன்னதற்கு நன்றி" என்றார் அந்த அதிகாரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்னையில் செய்திகளைச் சரிபார்க்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் பல வருடமாக உள்ளதைச் சொல்லித்தான் பிழைக்கிறேன். இதுவரை கிடைத்ததெல்லாம் வசவு. முதல் நன்றி கறிவேப்பிலை விஷயத்தில் கிடைத்தது.

நான் வந்த காரியத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. சர்வாதிகார நாடுகள் பரப்பும் பொய்ச் செய்திகளை ஜனநாயக நாடுகளின் இராணுவக் கூட்டணிகள் எப்படி எதிர்கொள்ளலாம் என்று இரண்டு நாள் பட்டறை. இராணுவத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. நான் கடைசியாகச் சீருடையைப் பக்கத்தில் பார்த்தது ஹெல்மெட் போடாமல் மாட்டிக்கொண்ட அன்றைக்குத்தான். ஆனால் தமிழில் உலவும் புரளிகளைக் கேட்டுச் சொல்ல அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. ஆங்கிலப் பொய்யைப் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தமிழ்ப் பொய்க்கு நான்தான் அகப்பட்டேன்.

சிட்னியின் புறநகரான செவன் ஹில்ஸில் சுதா வீட்டில் தங்கினேன். சுதா என்னோடு கல்லூரியில் படித்தவள், இப்போது இங்கே மருத்துவமனையில் நர்ஸ். உறைந்துபோன முருங்கைக்காயை ஒரு பையிலிருந்து கொட்டி அவள் வைத்த சாம்பார், பாளையங்கோட்டையில் எங்கள் விடுதி சாம்பாரைவிட எவ்வளவோ மேல். சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று சொல்லவில்லை, மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். "உன் வாயிலேர்ந்து ஒரு நாள் பாராட்டு வந்துரும்டி, அன்னைக்கு நான் லீவு போடறேன்" என்றாள்.

மறுநாள் காலை ரயில் இல்லை. தண்டவாள வேலையாம், அதற்குப் பதிலாகப் பேருந்து விட்டிருந்தார்கள். நம் ஊராக இருந்தால் அதற்குள் யாராவது ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர் அறையை முற்றுகையிட்டிருப்பார். இங்கே எல்லோரும் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சாதுவாக வரிசையில் நின்றார்கள். நான் மட்டும் தமிழில் முனகித் திட்டிக்கொண்டு நின்றேன். முன்னால் நின்ற நரைத்த தலைக்காரர் மெதுவாகத் திரும்பி, "நல்லாத் திட்டுங்கோ, எங்களுக்கும் சேத்து" என்றார். அசடு வழிய ஒரு கும்பிடு போட்டேன். பேருந்தில் அவரே எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

பட்டறையை நடத்தியவர் ஹெலன் என்ற இராணுவ அதிகாரி. லெப்டினன்ட் கர்னல். சாதாரண நீலக் கம்பளிச் சட்டையில் வந்திருந்தார், சீருடை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'மீட் பை' என்ற ஒன்றைக் கொடுத்தார்கள். மேலே தக்காளி சாஸ். பசிக்கு எதுவும் இறங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஹெலன் சுற்றி வளைக்காமல் பேசினார். பொய் வந்த பிறகு ஓடிப்போய் மறுப்பதைவிட, வரப்போகிறது என்று முன்பே மக்களிடம் சொல்லி வைக்க வேண்டும். ஒரு நாட்டுக்குத் தெரிந்ததை இரகசியம் என்று பெட்டியில் பூட்டாமல் கூட்டணியின் மற்ற நாடுகளுக்கு உடனே காட்ட வேண்டும். பொய்க்குள் ஒரு துளி உண்மை இருந்தால் முதலில் அந்தத் துளியை ஒப்புக்கொள்ள வேண்டும். மக்களிடம் இராணுவம் பேசக்கூடாது, அவர்கள் நம்புகிற ஆள் பேச வேண்டும். இவ்வளவுதான் சாராம்சம்.

எனக்கு நாக்கு அரித்தது. உங்கள் கூட்டணிகளே பொய் சொல்லித் தொடங்கிய சண்டைகள் உண்டே, இப்போது நீங்கள் உண்மை பேச வந்தால் யார் நம்புவார்கள் என்று கேட்டுவிட்டேன்.  வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று நினைத்தேன்.

"ஆமாம், உண்டு. இன்று எங்கள் வேலை இவ்வளவு கஷ்டமாக இருப்பதற்கு அதுதான் காரணம்" என்றார் ஹெலன். "அவர்கள் பொய்க்கு நாங்களும் ஒரு பொய்யால் பதில் சொன்னால் ஒரு வாரம் ஜெயிப்போம். அதற்குப் பிறகு உங்களைப் போன்றவர்கள் இந்த அறைக்கே வரமாட்டீர்கள்." அந்த இடத்தில் எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது. ஒரு இராணுவ அதிகாரியிடம் அப்படிக் கேட்டுவிட்டு, அவர் கையாலேயே தேநீர் வாங்கிக் குடிக்க முடிகிற நாட்டில் இருக்கிறோம் என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் நிறைந்தது.

இரண்டாம் நாள் ஒரு தமிழ்க் குரல்பதிவைப் போட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஆஸ்திரேலியத் தமிழர்களிடையே சுற்றுவது. யாழ்ப்பாணத் தமிழில் நிதானமான ஆண் குரல். தன் அக்கா மகன் குடிவரவு அலுவலகத்தில் வேலை செய்கிறானாம். நிரந்தர விசாவுக்கென்று கூப்பிட்டுக் கைரேகை எடுப்பது உண்மையில் இராணுவத்துக்கு ஆள் பதியத்தானாம். கூட்டணிக்குக் கடல் சண்டைக்கு ஆள் போதவில்லையாம். சண்டை பார்த்த சனம் என்பதால் தமிழரைத்தான் முதலில் எடுப்பார்களாம். "தம்பிமார், போகாதேங்கோ" என்று முடிந்தது. பொய் என்று தெரிந்து கேட்ட நானே பாதி நம்பிவிட்டேன்.

அது ஒரு சர்வாதிகார நாட்டின் கூலி வலைப்பின்னல் செய்த வேலை என்று கண்டுபிடித்திருந்தார்கள். தமிழர்மேல் அவர்களுக்குக் கோபமும் இல்லை பாசமும் இல்லை. இந்த நாட்டில் வாழ்கிறவர்கள் இந்த நாட்டையும் அதன் நட்பு நாடுகளையும் கண்டு பயப்பட வேண்டும், அது போதும் அவர்களுக்கு. அன்று மாலையே சுதா வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு மறுப்பு எழுதினேன். மேலே சிவப்பில் "முற்றிலும் பொய்" என்று முத்திரை போட்டேன். எனக்கே என்மேல் ஒரு மிதப்பு.

சனிக்கிழமை மெல்பன். கிளேட்டன் பகுதியில், என்னை அழைத்திருந்த தாரணி வீட்டில் தங்கல். தாரணி பல்கலைக்கழகத்தில் இதே புரளிகளை ஆராய்கிறவள், பட்டறையில் பழக்கமானவள். அவளுடைய அம்மா, "கதிரையில இருங்கோ பிள்ளை, குசினிக்குள்ள வரவேண்டாம்" என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சமையலறையிலிருந்து இடியப்பமும் சொதியும் சம்பலுமாகக் கொண்டுவந்து வைத்தார். தேங்காய்ப் பால் சொதியை நான் கரண்டியால் குடித்ததைப் பார்த்து இன்னொரு கிண்ணம் வந்தது. முன்பின் தெரியாதவளுக்கு அப்படி ஒரு சாப்பாடு போட்ட அந்த அன்ரிக்கு என் நன்றியை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

பின்னறையில் சிவநேசன் என்று ஒருவர் வாடகைக்கு இருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், முழங்கால் வலியால் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். படகில் வந்தவர். பத்து வருடத்துக்கும் மேலாகத் தற்காலிக விசாவிலேயே இழுபட்டுக்கொண்டு, சலாது என்று இவர்கள் சொல்லும் சாலட் இலைகளைக் கழுவிப் பையில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மனைவியும் மகளும் கிளிநொச்சியில். தவழுகிற வயதில் விட்டு வந்த மகள் இப்போது உயர்தரம், நம் ஊர் ப்ளஸ் டூ, படிக்கிறாள். இத்தனை காலம் கழித்து நிரந்தர விசாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நேர்முகமும் கைரேகையும். அது கிடைத்தால்தான் குடும்பத்தைக் கூப்பிட முடியும்.

அவர் போகமாட்டேன் என்கிறார். தாரணி இதைச் சொன்னபோது என் கை இடியப்பத்திலேயே நின்றுவிட்டது. "அந்த வாய்ஸ் நோட்தான் அக்கா. அம்மா அழுது பாத்திட்டா, நான் சண்டை பிடிச்சுப் பாத்திட்டன். சிவா அண்ணை அசையிறாரில்லை" என்றாள். போகாவிட்டால் கோப்பு மூடப்படலாம், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சிவநேசனையும் கூட்டிக்கொண்டு, மெல்பன் ஓரத்தில் த பேசின் என்ற ஊருக்குக் காரில் போனோம். மலையடிவாரத்தில் பிள்ளையார் கோயில். சுற்றிலும் வானளாவிய யூகலிப்டஸ் மரங்கள், ஈர வாசனை. நம் ஊர்க் கோயிலில் செருப்பு பத்திரமாக இருக்குமா என்ற கவலையோடுதான் சாமி கும்பிடுவேன், இங்கே செருப்பை மறந்தே போனேன். பூசை முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், கோயில் நிர்வாகத்தார் மைக்கில் அறிவிப்புகள் சொல்வது வழக்கம். அத்தனை சனமும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் அதுதான். தாரணி கேட்டுக்கொண்டதால் என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். நான் அந்தக் குரல்பதிவை முழுதாக விவரித்து, "இதில் துளியும் உண்மையில்லை" என்று கணீரென்று முடித்தேன்.

அதுவரை பாதிப் பேர் அந்தப் புரளியைக் கேள்விப்பட்டிருக்கவேயில்லை. பந்தியில் சாம்பார் வருவதற்குள் கோயில் முழுக்க அதே பேச்சு. கோயிலில் மைக் வைத்துச் சொல்கிறார்கள் என்றால் ஏதோ விஷயம் இருக்கத்தானே வேண்டும் என்று எனக்குப் பக்கத்திலேயே ஒரு அங்கிள் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிவநேசன் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவேயில்லை. "அக்கா, துளியும் உண்மையில்லை எண்டு சொன்னனீங்கள். வெளிநாட்டுக்காரரும் இங்கத்தை ஆமியில சேரலாம் எண்டு நான் ரீவியில பாத்தனான். அப்ப அதுவும் பொய்யோ?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. முத்திரை போடுகிற அவசரத்தில் அதைத் தேடிப் பார்க்கவேயில்லை. தெரியாது என்றே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஊரிலயும் 'ஒரு பதிவு, வந்திட்டுப் போ' எண்டுதான் கூப்பிட்டவை. அண்ணன் போனவன், திரும்பி வரேல்லை. அவ்வளவுதான்" என்றார். இலையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.  அவருக்கு நல்லது செய்யப் போய் அவர் பயத்துக்கு நானே ஒரு ஆணி அடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் ஹெலனைக் கூப்பிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சில நட்பு நாடுகளிலிருந்து வந்து இங்கே நிரந்தரமாக வாழ்கிறவர்கள், தாங்களாகவே விரும்பி விண்ணப்பித்தால் இராணுவத்தில் சேரலாம், அந்தச் செய்தி உண்மை, அந்த நாடுகளில் இலங்கை இல்லை, யாரையும் பிடித்து இழுப்பதும் இல்லை என்றார். அந்த உண்மைத் துளியைச் சுற்றித்தான் பொய்யைக் கட்டியிருக்கிறார்கள். முதலில் அதைச் சொல்லுங்கள், அண்ணனுக்கு நடந்ததை நினைத்து அவர் பயப்படுவது நியாயம் என்றும் சொல்லுங்கள் என்றார்.

நீங்களே ஒரு வார்த்தை பேசுங்களேன் என்று கெஞ்சினேன். "நான் பேசினால் ஒரு இராணுவக்காரி கூப்பிட்டுச் சமாதானம் சொல்கிறாள் என்று அவர் இன்னும் ஓடுவார். இதே பதிவு இன்னும் இரண்டு மொழிகளில் சுற்றுகிறது. வியட்நாம் மொழியில் வந்ததை எங்கள் நட்பு நாடு ஒன்று எங்களுக்கு அனுப்பியது. அவருக்குத் தெரிந்த வியட்நாம்காரர் யாராவது உண்டா?"

இருந்தார். சிவநேசனோடு ஒரே மேசையில் பல வருடமாகச் சலாது கழுவுகிற மின் என்பவரைத் தாரணிக்குத் தெரிந்திருந்தது.

மதிய இடைவேளையில் நானும் தாரணியும் தொழிற்சாலைக்கு எதிரே இருந்த சின்னப் பூங்காவுக்குப் போனோம். முடி விழாமலிருக்க மாட்டும் தலைவலையைக் கழற்றாமலேயே இருவரும் வந்தார்கள். மின் ஒரு குடுவையிலிருந்து கெட்டிப் பால் விட்ட காபியை எங்களுக்கும் ஊற்றினார். நம் ஊர் டிகிரி காபிக்கு அடுத்தபடி அதைச் சொல்வேன். நான் முதலில் சிவநேசனிடம் கோயிலில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன், உண்மைத் துளி எது என்பதைச் சொன்னேன். அவர் எழுந்து போகாமல் காபியைக் குடித்தார்.

பிறகு தாரணி மின்னிடம் இப்படி ஏதாவது பதிவு உங்களுக்கு வந்ததா என்று கேட்டாள். மின்னின் முகம் மாறிவிட்டது. ஆமாம், வந்தது, மனைவியின் தம்பியைக் கைரேகை கொடுக்கப் போகவேண்டாம் என்று தானே தடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். சிவாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எடுக்கப்போவது வியட்நாம்காரரை மட்டும்தானே, இவரை எதற்குப் பயமுறுத்துவது என்று நினைத்தாராம்.

சிவநேசன் நிமிர்ந்து பார்த்தார். மின் தன் போனில் அதைப் போட்டு, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். என் அக்கா மகன் குடிவரவு அலுவலகத்தில் வேலை செய்கிறான். கைரேகை எடுப்பது விசாவுக்கு இல்லை. கூட்டணிக்கு ஆள் போதவில்லை. அடுத்த வாக்கியத்துக்கு மின் வாயைத் திறப்பதற்கு முன் சிவநேசன் தானே ஆங்கிலத்தில் சொன்னார்: "சண்டை பார்த்த சனம் என்பதால் முதலில் நம்மைத்தான் எடுப்பார்கள்." மின் போனைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய பதிவிலும் அதேதான். 'சண்டை பார்த்த சனம்' என்பதற்குப் பதில் 'கடல் பார்த்த சனம்', அவ்வளவே வித்தியாசம்.

"எல்லாரையும் முதலில எடுக்கினமெண்டா, ரெண்டாவதா எடுக்க ஆரிருக்கினம்?" என்றார் சிவநேசன். தாரணி அதை மொழிபெயர்த்ததும் மின் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிவநேசனும் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றதும் தலைவலையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு பயத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். கூட்டணி என்று ஹெலன் இரண்டு நாள் விளக்கியது எனக்கு அந்தப் பெஞ்சில்தான் புரிந்தது. எனக்கு வந்த பொய்யை உனக்குக் காட்டுகிறேன், உனக்கு வந்ததை எனக்குக் காட்டு என்பதுதான் அது.

போவாரா என்று கேட்டதற்கு "காலமை பாப்பம்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு குசினி வாசலில் நின்றார். அன்ரி விபூதி பூசிவிட்டார். தாரணிக்கு வகுப்பு இருந்ததால் நான் கூடப் போனேன்.

துணைக்குப் போனவள் செய்த உபகாரத்தைக் கேளுங்கள். சிட்னி ரயில் அட்டையை மெல்பன் வாயிலில் தேய்த்துக்கொண்டு நின்றேன். கதவு திறப்பேனா என்றது. அவர் உள்ளே, நான் வெளியே, ரயில் வந்து நின்றுவிட்டது. போங்கள் போங்கள் என்று கத்துகிறேன், மனிதர் என்னை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று நிற்கிறார். ரயில் போய்விட்டது.  ஸ்டேஷனில் இருந்த ஒரு பெண் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டு, அடுத்த ரயிலிலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று போனில் பார்த்து எங்களுக்குக் காட்டினாள். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும்.

ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கதவுக்குள் போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவர் அண்ணன் நினைவு எனக்கே வந்தது. அவருக்கு வராமல் இருந்திருக்காது. நான் வெளியே உட்கார்ந்து, சாமியிடம் எதுவும் கேட்டுப் பழகாதவள், த பேசின் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

வெகுநேரம் கழித்து வந்தார். விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கைரேகை கொடுப்பதற்கு முன் அந்த அதிகாரி அம்மாளிடம், இது ஆமிக்கோ என்று நேராகவே கேட்டுவிட்டாராம். "அவ சிரிக்கேல்லை அக்கா. இந்தக் கேள்வியோட ஆக்கள் வருவினம், மரியாதையாப் பதில் சொல்லுங்கோ எண்டு அவைக்கு முதலே சொல்லி வச்சிருக்கினம். ஆரையும் கட்டாயப்படுத்தி எடுக்கிறதில்லை, இது விசாவுக்கு மட்டும்தான் எண்டு விளங்கப்படுத்தினவ. பிறகு என்ர மருத்துவ ரிப்போட்டைப் பாத்திட்டு, நீங்களா விரும்பிப் போனாலும் இந்த முழங்காலோட ஒரு ஆமியும் எடுக்காது எண்டவ." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஹெலன் கரும்பலகையில் எழுதியது இந்தக் கட்டடம்வரை வந்து, ஒரு பயந்த மனிதருக்கு முன்னால் ஒரு அதிகாரியைச் சிரிக்காமல் இருக்கச் செய்திருக்கிறது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் வாசல் காவலாளிக்குச் சொன்னேன். அவரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

விசா முடிவு வர இன்னும் மாதங்கள் ஆகலாம். வெளியே படிக்கட்டில் நின்று மகளைக் கூப்பிட்டார். "ஓம் பிள்ளை, போயிட்டு வந்திட்டன். குடுத்திட்டன்" என்றார். அந்தப் பக்கம் அவள் பேசப் பேச இவர் ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

பிறகு அந்தப் புரளி வந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார். அதில் அவர் ஒரு தரம்கூடப் பேசியதில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி, படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூ. போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய் நிதானமாகச் சொன்னார்: "வணக்கம். என்ர பேர் சிவநேசன். சொந்த இடம் கிளிநொச்சி. கிளேட்டனில இருக்கிறன். இண்டைக்குக் கைரேகை குடுக்கப் போயிட்டு வந்திட்டன். பயமாத்தான் இருந்தது. ஆமியைப் பற்றி நேரையே கேட்டனான். இது விசாவுக்கு மட்டும்தான். சந்தேகமெண்டால் என்னைக் கேளுங்கோ."

படிக்கட்டில் இறங்கி ஸ்டேஷனை நோக்கி நடந்தோம். பிறகு யாரோ ஒரு இளைஞனின் குரல் வந்தது, அதிலும் பெயர் இல்லை. "அண்ணை, எனக்கு வியாழக்கிழமை. தனியப் போகப் பயமாக் கிடக்கு."

சிவநேசன் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. "எந்த ஸ்ரேசனில நிப்பீர் எண்டு சொல்லும் தம்பி. நான் லீவு போட்டுட்டு வாறன்."